மட்டாஞ்சேரிச் சுவரும் எங்கள் வைஃபையும்

வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சமையல், துணி, மருந்து, சொல்லாமல் வரும் விருந்தாளி எல்லாம் சேர்த்தி என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொந்த வீட்டுக்குள்ளேயே அறை அறையாக அலைபவர்களே, நீங்கள் என் கட்சி. என் பாட்டைக் கேளுங்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருப்பது ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த கிட்டங்கி. வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும். சுவரின் கனத்துக்கு, ஜன்னலில் ஒரு ஆள் காலை மடக்கி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பக்கத்து யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வரும் டூரிஸ்டுகள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். உள்ளே இருந்து குடித்தனம் பண்ணுவது அவர்களில்லையே.

என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் சொன்னபடி கேட்கும். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் வராது. "தனியாக எழுந்து நிற்க விடாதீர்கள். இனி ஒரு தரம் விழுந்தால் நடக்கிற பேச்சே இல்லை" என்றார் டாக்டர். இவரோ யாரும் பார்க்காத நேரம் பார்த்து எழுந்திருக்கிற மனிதர். ஹோம் நர்ஸ் வைத்தோம். சாப்பாட்டுத் தட்டை இவர் இடது கையால் வீசிய அன்றே அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாத்ரூம் ஒட்டிய இவர் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது, அடுப்படி முற்றத்துக்கு இந்தப் பக்கம். டப்ளினில் இருக்கும் எங்கள் மகள் ஸ்ருதி ஒரு சின்னக் கேமரா வாங்கி அனுப்பினாள். அதை இவர் கட்டிலுக்கு நேரே அலமாரி மேல் வைத்துவிட்டால், நான் குழம்பைக் கிளறிக்கொண்டே போனில் இவரைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த அறையில் நெட் இருக்க வேண்டும்.

ஷிஜு வந்தான், நடந்தான்

நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஷிஜுவையே கூப்பிட்டேன். காது ஓரம் நரைத்தவன், ஆனால் வாய்க்கு வயசாகவில்லை. முன் ஹாலில் மோடத்துக்குக் கீழே நின்று போனைப் பார்த்தான். முழு சிக்னல். முதல் வாசலைத் தாண்டினான், பாதி. இரண்டாவது வாசலில் ஒரு கோடு. இவர் அறைக்குள் கால் வைத்ததும் அந்தக் கோடும் போயிற்று. திரும்பி வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான், ஏதோ நாங்கள் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பது போல.

"இப்போ என்ன பண்றது?" என்றேன். அவன் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். மலையாளத்தில் அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சேச்சி, இது வீடில்ல கேட்டோ, ஜெயிலாக்கும். ஜெயிலுக்கு கவர்ன்மென்ட் ஜாமர் வாங்கி வைக்கணும், உங்களுக்கு அந்தச் செலவும் இல்ல."

பாதிவழி

எர்ணாகுளத்தில் ஒரு கடையில் சிக்னலை நீட்டும் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். கான்வென்ட் இங்கிலீஷ் கையில் இருக்கும்போது ஷிஜு எதற்கு? பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்தேன். மோடத்துக்கும் அறைக்கும் பாதிவழியில் வைக்கவும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் பாதிவழி சுவருக்கு உள்ளே இருக்கிறது. சரிதான் போ என்று இவர் அறையிலேயே செருகினேன். அது சிவப்பாக முழித்தது. பிடுங்கிச் செருகினேன். இன்னும் சிவப்பாக முழித்தது. இவர் கட்டிலிலிருந்து அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெட்டி கெட்டுப்போனது, மாற்றிக் கொடு என்று கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கம். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "மேடம், பட்டினி கெடக்குறவன் பக்கத்துல இன்னொரு பட்டினிக்காரன ஒக்கார வச்சா, யாருக்கு யாரு சோறு போடுவா?"

சுவாமி அறையில் பச்சை விளக்கு

வழியில் பெட்டி வைக்க இடம் இருந்தது ஒரே அறையில்தான். அது சுவாமி அறை. முன் ஹாலைப் பார்க்க ஒரு கதவு, பின்கட்டைப் பார்க்க ஒரு கதவு. ஸ்லோகப் புத்தகங்களை நகர்த்திவிட்டு, விளக்குக்குப் பக்கத்திலேயே பெட்டியைச் செருகினேன். பச்சை எரிந்தது. அடுப்படிக்கு ஓடிப் போனைத் திறந்தால் இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது தெரிந்தது. நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இவருடைய தம்பி ராஜு திருப்பூணித்துறையிலிருந்து வந்தான். வாராவாரம் வந்து காபி குடித்துவிட்டு, அண்ணாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறவன். நைவேத்யம் ஆனால் சுவாமி அறையின் இரண்டு கதவையும் சாத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். கர்ம சிரத்தையாகச் சாத்திவிட்டான். ஒவ்வொன்றும் யானை முட்டினாலும் அசையாத தேக்கு. படம் போயிற்று. நான் முற்றத்தைத் தாண்டி ஓடியபோது இவர் கட்டில் ஓரத்தில், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நீ வாரத்திலே ஒரு நாள் மத்தியானம் உங்கண்ணா பக்கத்திலே உக்காந்துக்கோ. நான் பெட்டியையும் எடுத்துடறேன், கதவையும் சாத்திடறேன்" என்றேன். ராஜு வாட்சைப் பார்த்தான், செருப்பைத் தேடினான். வாசலில் இறங்கும்போது சொன்னான்: "தீபாராதனை காட்டறச்சே அந்தப் பெட்டிக்கும் சேர்த்துக் காட்டிடுங்கோ மன்னி, தெய்வக் குத்தம் வேண்டாம்."

துளை

ராஜு போய் அவன் அக்காவை அனுப்புவதற்கு முன்னால் ஒயரே இழுத்துவிடலாம் என்று ஷிஜுவை மறுபடி கூப்பிட்டேன். டிரில் மிஷினோடு வந்தான். சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது, அப்புறம் செம்மண் பொடி, அப்புறம் ஒரு சத்தம். டிரில்லின் பிட் உடைந்து சுவருக்குள் தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மூக்கு, மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக நின்ற ஷிஜுவைப் பார்த்து இவர் சிரித்தார். நோய் வந்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான். பாதி முகம்தான் சிரித்தது. சத்தம் மட்டும் முழுசாக வந்தது.

ரோஷம் வந்து ஷிஜு ஓட்டின் மேல் ஏறினான். முன் ஹாலிலிருந்து கூரை வழியாக ஒயரைக் கொண்டுபோய், பின் ஜன்னலில் இறக்கி, இவர் கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. இறங்கும்போது கட்டிலைப் பார்த்துச் சொன்னான்: "சேட்டா, இனி சேச்சி கண்ணிலேர்ந்து தப்பிக்க இந்த ஜென்மத்திலே முடியாது."

துலாம் மாதத்து மத்தியானம்

துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், எங்கள் ஊர் வானம் உச்சி வெயிலில் நல்லபிள்ளையாக இருக்கும், மூன்று மணிக்கு இடிக்கும். முதல் உறுமலுக்கே தெருவில் எல்லா வீட்டிலும் ஓடி ஓடி பிளக்கைப் பிடுங்குவார்கள், டிவி, ஃபிரிட்ஜ், மோடம் ஒன்று விடாமல். பிடுங்காத வீட்டில் டிவி கருகும். எங்களுடையது ஒரு தரம் கருகியது. அதற்குப் பிறகு இந்த வேலையை இவர் யாரையும் நம்பி விட்டதில்லை. ஆபீஸில் இருந்தால் போன் வரும், "எல்லாம் பிடுங்கியாச்சா?" என்று.

அன்று இடித்ததும் நான் எதையும் பிடுங்கவில்லை. எரிந்தால் எரியட்டும், எனக்குப் படம் வேண்டும். கூட்டுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே பார்த்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். தேங்காயை வழித்துவிட்டுப் பார்த்தால் படம் இல்லை. இடிக்கு லைன் போயிருக்கும் என்று ஷிஜுவுக்கு போன் போட்டு இரண்டு வார்த்தை திட்டினேன். "மோடத்திலே லைட் எரியுதான்னு பாருங்க சேச்சி" என்றான். முன் ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். அழகாக எரிந்தது.

அப்போதுதான் பின்பக்கம் ஓடினேன். இவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். வலது கால் ஆகாத திசையில் திரும்பியிருந்தது. இடது கையில் புதுப் பெட்டியை ஒயரோடு பிடித்திருந்தார். பிளக்கைப் பிடுங்கத்தான் எழுந்திருக்கிறார். பிடுங்கியும்விட்டார், விழுந்தது அதற்கப்புறம். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதும், பிடுங்காமல் விட்டதற்கு என்னைக் கோபமாகப் பார்த்து, அந்தப் பெட்டியை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "இடி."

டப்ளினிலிருந்து

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மறுபடி அதே அறை, அதே கட்டில். டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. ஷிஜு கூப்பிடாமலே வந்து, பிளக்கை இவர் கை எட்டாத உயரத்துக்கு மாற்றினான், தமாஷ் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றியிருக்க வேண்டியதில்லை. இவர் இப்போது எழுந்திருக்கப் பார்ப்பதில்லை. இடித்தால் கண்ணைத் திறப்பார், பிளக் இருந்த இடத்தைப் பார்ப்பார், மூடிக்கொள்வார்.

ஸ்ருதியும் அங்கே வேலைக்கு நடுவில் அதே படத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். போன வாரம் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டாள். நான் இவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் போனில் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் ஆடிக்கொண்டிருந்தது, படம் நின்றுபோகவில்லை என்று தெரிய அது போதும் எனக்கு. அவளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. "அம்மா, நெட் போயிடுத்தா? நான் பார்க்க ஆரம்பிச்சதிலேர்ந்து அப்பா அசையவே இல்லையே!"

ஆக, இந்தச் சுவர்களுக்குள் இப்போது நெட் ஒரு நிமிஷம்கூடப் போவதில்லை. படம் அசைகிறது என்று காலண்டர் சொல்லிவிடும்; இவர் மூச்சு அசைகிறதா என்று பார்க்க மட்டும் நான் முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.