ஜாபர் பாய் வெட்டிய மூன்றாவது விளக்கு

டிங்கர் ஜாபர் பாய் போய்விட்டார்... காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட போகவில்லை.

அப்போதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. என் பழைய கார் கடையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

நேற்று மதியம் பாய் போனில் கூப்பிட்டார். எதற்கு என்று தெரியும்... அதனால்தான் கட் பண்ணினேன்.

விஷயம் இதுதான். போன வாரம் இதே பக்கத்தில் ஒரு நீல நிற இம்பாலா விற்பனைக்கு என்று போட்டேன் இல்லையா, எல்லோரும் ஹார்ட் விட்டீர்களே, அந்தக் கார்.

பாப்பாரப்பட்டி எண்ணெய் மில் முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் பெங்களூரில் வாங்கியது. இரண்டு வருஷம் முன்னால் அவர் மகன் கேட்டு, நானும் பாயும்தான் அதைப் புதுசாக்கினோம். டீசல் என்ஜின், பவர் ஸ்டீயரிங், ஏசி, டிஸ்க் பிரேக்... பாடி மட்டும் பழைய அமெரிக்க பாடி. இப்போது அந்த மகன்தான் விற்றுத் தரச் சொல்லி என்னிடம் விட்டிருக்கிறார்.

பதிவில் வரலாறு வேறு அளந்துவிட்டேன். இம்பாலா என்பது ஆப்பிரிக்க மானின் பெயர். பின்னால் பக்கத்துக்கு மூன்று விளக்கு இருந்தால் இம்பாலா, அதே கம்பெனியின் விலை குறைந்த பெல் ஏருக்கு இரண்டுதான். எல்லாம் உண்மை. இந்தக் கார் இம்பாலா என்பது மட்டும் பொய்.

இது பெல் ஏர். இம்பாலா வாங்கப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, முதலாளி இதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். விளக்கை எண்ணிச் சிரிப்பார்களே என்று நேராகப் பாய் ஷெட்டுக்குப் போய்விட்டார். பாய் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். தகரத்தை வெட்டி, பக்கத்துக்கு ஒரு விளக்கு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

என்ஜின் மாற்றும்போது அந்த விளக்கைத் தொட்டுக் காட்டினார். "இது நான் பண்ண திருட்டு வேல மணி. வயசு அப்படி. விக்கும்போது சொல்லிப்புடுங்க."

"யாருக்குங்க பாய் தெரியப் போவுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. அடிபட்ட இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, எங்கெல்லாம் பட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டுவிடுவார். வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

"நீங்க வண்டிய ரெடி பண்றீங்களா, என் பொழப்ப கெடுக்கறீங்களா" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். "கண்ணு இருக்கறவன் பாத்து வாங்கட்டுங்க" என்பார். வாங்குகிற பார்ட்டி வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அது அவருக்கும் தெரியும். அடுத்த வண்டியிலும் வட்டம் போடுவார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்கு வந்தார். "வூட்ல புள்ள உங்க பதிவ படிச்சு காட்டுச்சு மணி. சோறு எறங்கல. வாங்கறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"வண்டி போவட்டும் பாய், அப்புறம் பாத்துக்கலாம்."

டீ சொன்னேன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். பாய் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்று அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது மகள் கேட்டாள். "நேத்து உங்களுக்குத்தான் போன் போட்டுட்டு இருந்தாரு அங்கிள். பேசுனீங்களா?"

பேசினேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். என்ன பிறவி நான்.

சாயங்காலம் அடக்கம். மண் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். நாளைக்குக் கார் பார்க்க வருவதாக இருந்த கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "யோசிச்சு சொல்றேங்க" என்று வைத்துவிட்டார். வந்தால் வரட்டும்.

விற்பனைப் பதிவைத் திருத்தியிருக்கிறேன். கார், பெல் ஏர். பக்கத்துக்கு இரண்டு விளக்கு கம்பெனி வைத்தது. மூன்றாவது, பாப்பாரப்பட்டி ஜாபர் பாய் கையால் வெட்டி வைத்தது.

புது போட்டோவில் அந்த விளக்குகளைச் சுற்றி சாக்பீஸ் வட்டம் இருக்கும். நான் போட்டதுதான். கோணலாக வந்திருக்கிறது.

இதைத் துடைக்க மாட்டேன் பாய்... போயிட்டு வாங்க.