தீவுத் தேவாலயத்துக்கு ஒரு மணிக்கயிறு

கூரான மரக்கட்டையைக் கயிற்றுக்குள் செருகி ஒரு புரியைத் தூக்கி, அந்த இடைவெளிக்குள் இன்னொரு புரியை நுழைத்து இழுத்தன கைகள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கட்டைவிரல் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. மேடு தட்டினால் பிரித்துவிட்டு மறுபடியும் தொடங்கின. மேல் முனையில் வளையம் முடிந்தது. கீழ் முனையைப் பிரியாதபடி நூலால் கட்டி, அப்படியே விட்டுவிட்டன.

கனகவல்லி ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பல் கயிறு செய்யும் பட்டறைக்குத் தரை துடைக்க வந்தவள். வெட்டி எறிந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தும் பின்னியும் தானாகவே பழகி, இப்போது பதினெட்டு வருடமாகப் பின்னல் மேசையில் இருக்கிறாள்.

வட கடலில் ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும்போது கரையிலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள தேவாலயத்தின் மணிக்கயிறு மாரிகாலத்தில் அறுந்துபோக, புதியதொன்றைச் செய்து தபாலில் அனுப்பியவள் அவள்தான். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கயிறு மிக அழகாக இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்பது மட்டுமே குறை, கீழே நீல நைலோன் கயிறு ஒன்றைக் கட்டிச் சமாளிக்கிறோம், வருந்த வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். படமும் இருந்தது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல்களுக்காக அவள் பின்னுகிற செயற்கைக் கயிறு ஈரத்தில் சுருங்காது. மணிக்கயிற்றுச் சணல் சுருங்கும். சூடேற்றிய பட்டறைக்குள் வைத்து அளந்தது அவளுடைய பிழை. இம்முறை சணலை மூன்று தரம் நனைத்து, பாரம் கட்டிக் காயவிட்டாள். கீழ் முனையை அந்தக் கோபுரத்துக்குள் வைத்துத்தான் முடிப்பேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தீவில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். நைலோன் அதற்குள் போயாக வேண்டும்.

சனிக்கிழமை காலை, சித்தியின் மகள் கம்சனாவையும் கூட்டிக்கொண்டு, வழிகாட்டியின் பின்னால் பத்துப் பேரோடு வெறுங்காலில் சேற்றில் இறங்கினாள். ஆயிரம் வருடத்துக்கு முன்பு கடல் கடந்து வந்த துறவிகள் தீவில் மரத்தால் ஒரு கோயில் கட்டினார்கள் என்றும், வெள்ளம் அதை இரண்டு தரம் கொண்டுபோயும் ஞானஸ்நானக் கல்தொட்டியை மட்டும் ஊர்ச்சனம் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது என்றும் வழிகாட்டி நடந்தபடியே சொன்னார்.

நடுவழியில் ஒரு நீரோடை, தொடை வரை தண்ணீர். சணலில் உப்பு ஏறினால் பிறகு எந்நாளும் ஈரம் குடிக்கும். வழிகாட்டி கயிறு இருந்த பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்காமல் தலைக்கு மேல் தூக்கி வைத்தாள்.

“என்னக்கா, தண்ணிக்குடமே?” என்றாள் கம்சனா.

“வாயைப் பொத்திக்கொண்டு காலைப் பார்த்து வை.”

தேவாலயத்தில் மணி அடிப்பவள் ஹைக்கே, ஆடு வளர்ப்பவள். கனகவல்லி ஏணியில் ஏறி மணிச் சக்கரத்தில் கயிற்றைப் பொருத்தித் தொங்கவிட்டாள். கோபுரத்து ஈரத்தை அது குடிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்கிடையில் ஹைக்கேயை மூன்று தரம் கை தூக்கி நிற்கச் சொல்லி உயரம் குறித்தாள். வைத்தியர்கூடத் தன்னை இவ்வளவு அளந்ததில்லை என்று ஹைக்கே சிரித்தாள்.

கைப்பிடியைப் பின்னத் தொடங்கியபோதே வழிகாட்டி திரும்பிப் போக ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போது போகாவிட்டால் கடல் ஏறிவிடும், நாளை வரைக்கும் வழி இல்லை.

“அக்கா, வெளிக்கிடுங்கோ. மிச்சத்தை அவ முடிச்சுப்போடுவா.”

“முடிச்சுத்தான் போடுவா. எனக்கு அது சரிவராது. நீ போ, நான் நாளைக்கு வாறன்.”

“எங்கை படுக்கப் போறியள்?”

“உந்த நீட்டு வாங்குப் பலகை கிடக்குதுதானே.”

 கம்சனா தன் பையிலிருந்த கம்பளிச் சட்டையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வாங்கில் வைத்துவிட்டுப் போனாள்.

கனகவல்லி நிமிரவில்லை. ஏழாவது சுற்றில் ஒரு புரி தளர்ந்திருந்தது. பிரித்து மறுபடி இறுக்கினாள். வெளியே கடல் ஏறும் சத்தம் கேட்டது. கடைசி நுனிகளை வெட்டி, கட்டைவிரலால் கைப்பிடியை மேலிருந்து கீழாக இரண்டு தரம் தடவினாள். எங்கும் மேடு தட்டவில்லை. எழுந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஹைக்கேயின் உள்ளங்கையில் வைத்தாள்.