நமத்த அப்பளமும் நல்ல காற்றும்

காலை ஐந்தே முக்காலுக்குக் கொளஞ்சியம்மாள் பின்னறைக் கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கிறாள். வேகவைத்த வைக்கோல் வாசனை வந்தால் சரி. புளித்த வாடை வந்தால் எங்கோ ஒரு காளான் பை கெட்டிருக்கிறது. இழுத்த மூச்சு நெஞ்சில் தங்காமல் லேசாகப் போய்வந்தால் காற்றும் சரி. இதெல்லாம் ஆன பிறகுதான் கால் உள்ளே போகும். அதற்கு முன்னால் யார் கூப்பிட்டாலும், ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்றே சொன்னாலும், அவள் காதில் விழாது.

உள்ளே போனதும் காளானைப் பார்ப்பாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பொரித்த அப்பளம் ஒன்றை நூலில் கோத்து நடு விட்டத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவாள். வாசல் தெளித்து, காப்பித் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அது நமத்துத் துவள வேண்டும். இன்னும் மொறுமொறுவென்று இருந்தால் அறை காய்கிறது, தரை மணலை நனைக்க வேண்டும். ஊறிப்போய் நூலிலிருந்து பிய்ந்து கீழே விழுந்திருந்தால் ஈரம் ஜாஸ்தி, சன்னல் சாக்கைக் கழற்ற வேண்டும். காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோது ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் கொடுத்தார்கள். அதுவும் பாவம், சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டு எண்பது, எண்பத்தைந்து என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. “அது நெம்பரு சொல்லுது. அப்பளம் ஞாயத்தச் சொல்லுது” என்பாள்.

ஞாயம் சொல்லி முடித்த அப்பளம் வீட்டுக்காரர் பூமாலையின் கஞ்சிக்குப் போகும். “மொறுமொறுன்னு ஒரு அப்பளம் துன்னு மூணு வருசம் ஆவுதுங்க. கல்யாணத்துக்குப் போனாத்தான் உண்டு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கோபம் கிடையாது. சைக்கிளில் காளான் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த மனிதர் விசிலடிப்பதைக் கேட்டால் தெரியும்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், காலனித் தெருவில், இரண்டு அறை வீடு. பின்னறை முழுக்கக் காளானுக்கு. தரையில் மணல் கொட்டியிருக்கிறது. சன்னல்களில் ஈரச் சாக்கு. விட்டத்திலிருந்து இறங்கும் கயிறுகளில் உறி மாதிரி வைக்கோல் பைகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. கடைசிப் பையும் இடுப்புக்குக் கீழே இறங்காது. அதற்குக் காரணம் உண்டு.

கொளஞ்சியம்மாள் பத்து வயதிலிருந்து குனிந்தவள். நாற்று நடவு, களை, கரும்பு வெட்டு என்று எந்த வேலைக்குப் போனாலும் குனிந்துதான் கூலி. ஒரு நாள் கரும்புக் கட்டோடு வரப்பில் சறுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. இனிமேல் குனிந்து வேலை செய்தால் எழுந்திருக்கவே முடியாது என்றார் டாக்டர். “கூலிக்காரிக்குக் குனியாத வேல எங்க சாமி கீது?” என்று கேட்டாள். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் காளான் பயிற்சி என்று தண்டோரா போட்டார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை என்று காதில் விழுந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வைக்கோலை வேகவைப்பது, பிழிந்து பையில் அடைப்பது, நடுநடுவே வித்துத் தூவுவது எல்லாம் ஒரு தடவை பார்த்ததிலேயே கைக்கு வந்துவிட்டது. பை முழுக்க வெள்ளை பூத்தது. பதினேழாம் நாள் பையின் கீறலில் கடுகு கடுகாக மொட்டு எட்டிப் பார்த்தது.

அங்கேதான் வினை. மொட்டைப் பார்த்ததும் அவள் வாயில் வந்த வார்த்தை, “பொறந்துடுச்சி!” பிறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் இரண்டு பெண்களைப் பெற்றதும் அதே அறையில்தான். பழைய சேலையைக் கிழித்துச் சன்னல் சந்தெல்லாம் அடைத்தாள். கதவில் வேப்பிலை செருகினாள். காற்று விடச் சொன்னார்களே என்று பூமாலை நினைவுபடுத்தினார். “ஆபீசரு புள்ள பெத்தாரா? பச்ச ஒடம்புக்குக் காத்து ஆவுமா?” என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

காளான் வளர்ந்தது. வளர்ந்ததெல்லாம் கழுத்துதான். விரல் நீளக் காம்பு, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தலை. முதல் ஈட்டுப் பறிப்பு அப்படியே போயிற்று. இரண்டாவது ஈட்டுக்கு இன்னும் இறுக்கி அடைத்தாள். காம்பு இன்னும் நீண்டது. அதற்குள் கரும்பு வெட்டு மேஸ்திரி காசிநாதன் வாசலில் வந்து நின்று பூமாலையிடம் சொன்னான். “அரிவா புடிக்க முடியலன்னா சோவயாவது கழிக்கட்டும் அண்ணி. திங்கக்கெழம காலைல லாரி. ரெண்டு பேரும் ஏறிடுங்க.” கரும்பின் காய்ந்த தோகையான சோகையைக் கழிப்பதும் குனிந்துதான். வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை, இருந்த காளானைக் கூடையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாமே இது, தலையவே காணோம்? வெறுங் கழுத்தா கீது. இத்த எவன் வாங்குவான்?” பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழவில்லை. பக்கத்தில் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த பெண் ஒருத்தி வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கேட்காமலே கூடைக்குள் கையை விட்டாள்.

“யக்கா, சன்னல மூடி வச்சிக்கினியா?”

“பின்ன? பச்ச ஒடம்பாச்சே.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பச்ச ஒடம்பா! அது மூச்சுக்கு அலையுதுக்கா. எங்க மலையில மரப்பொந்துக்குள்ள மொளைச்சா இப்பிடித்தான் வெளிய பாத்துக் கழுத்த நீட்டும். பட்ட மேல மொளைச்சா கொடையா விரியும். தொறந்து வுடு.” பஸ் வந்தது. பேர்கூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சேலைத் துணியெல்லாம் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் மத்தியானம் பார்த்தால் கதவோரத்து மொட்டுகள் காய்ந்து கருகியிருந்தன. காற்றை விட்டால் ஈரம் போகிறது, ஈரத்தைக் காத்தால் காற்று நின்றுபோகிறது. இந்த மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உட்கார்ந்து யோசித்து, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அதை நனைத்தாள். வருகிற காற்று சாக்கில் குளித்துவிட்டு வரட்டும் என்று விட்டாள். மொட்டின் மேல் தண்ணீர் படாமல் சுவருக்கும் மணலுக்கும் மட்டும் தெளித்தாள். “மூஞ்சில தண்ணி அடிச்சா எந்தப் புள்ள வளரும்?” காலையும் மாலையும் அரை மணி நேரம் கதவைத் திறந்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது, புதிதாக வந்த மொட்டுகள் குட்டைக் காம்பில் உள்ளங்கை அகலத்துக்கு, சிப்பி சிப்பியாக விரிந்து நின்றன. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்து, “நாங்க வரலங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் இடுப்பு யாருக்கும் குனியவில்லை.

அதற்குப் பிறகு வியாழன் தவறாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடினாள். கடுக்காய்க்காரிகளிடமெல்லாம் சிரிப்பை அடையாளம் சொல்லிக் கேட்டாள். பூமாலைகூடக் கிண்டல் செய்தார். “உப்பு போட்டவங்கள நெனைக்கணும்னு சொல்றாங்க. மூச்சு வுடச் சொல்லிக் குடுத்தவள நெனைக்க வாணாமா?” என்று பதில் சொன்னாள். இந்த வருஷம் பொங்கல் கழித்து ஒரு நாள் கண்டுபிடித்தே விட்டாள். பேர் தைலம்மாள். வீட்டுக்கு வா, வா என்று பல வாரம் நச்சரித்த பிறகு, போன வியாழன் முதல் பஸ்ஸில் தைலம்மாள் வந்து இறங்கினாள்.

அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. “நானா? எப்பக்கா? இன்னா சொன்னேன்?” என்று விழித்தாள். பேருதவி செய்தவர்கள் பாதிப் பேர் இப்படித்தான், செய்தது தெரியாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். காளான் பொட்டலம் கொடுத்தால் வேண்டாம் என்றாள். “எங்க மலையில இல்லாததா?” சேலை கொடுத்தால் அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கொளஞ்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னறைக்குள் அழைத்துப் போனாள். இன்னும் தண்ணீர் தெளிக்காத வேளை, பறிக்கிற வேளை. அன்றைய ஈட்டில் பெரிய கொத்து நடுப் பையில், முகத்துக்கு நேரே நின்றது. தைலம்மாளின் கையை எடுத்து அதன் மேல் வைத்து, “திருகி எடு, வந்துடும். ஒங் கையால எனக்குக் குடு” என்றாள். பிறகு தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அந்தக் கைக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றாள்.