உமாதேவி சொன்ன வழி

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உமாதேவிதான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக் கொடுப்பாள்.

லைன் வீட்டுச் சிங்காரத்தின் அறுபது வருஷத்துப் பழைய மோட்டார் அவள் முன்னால் நின்றது. ஸ்டார்ட் செய்யக் கிக்கரை மிதித்தால் கால் வெறுமனே கீழே போகும். உள்ளே சக்கரத்தின் பல் மழுங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்ததுதான். மாற்றுச் சாமான் வரும்வரை மேட்டிலிருந்து உருட்டி, கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னவளே அவள்தான். சொல்லி எட்டு மாதமாகிவிட்டது.

இன்று கிளட்ச் மூடியையும் திறந்தாள். தட்டுகள் தேய்ந்து கண்ணாடிபோல் வழுவழுத்தன. கருகிய நெடி மூக்கில் ஏறியது.

"எறக்கத்துல கிளட்ச விட்டா என்ன ஆவுது?"

"நேத்து பிடிக்கவே இல்லக்கா. எஞ்சின் செத்தபடியே வளைவு வரைக்கும் ஓடிருச்சி. மழையில பிரேக்கும் பிடிக்கல. வேலியில மோதித்தான் நின்னேன் லா."

வேலிக்கு அப்பால் பள்ளம்.

"மடையா! எட்டு மாசமாவா இப்படி ஓட்டுற?"

"நான் மட்டுமா? பெட்ரோல் மிச்சம்னு லைன்ல எல்லாருமே எஞ்சின அணைச்சிட்டு இப்படித்தான் எறங்குறாங்க. உங்க வீட்டுக்காரருகூட."

அவர் மோட்டாரிலும் கிளட்ச் வழுக்குவதாகப் போன வாரம் சொல்லியிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று இவள்தான் தள்ளிப்போட்டாள்.

வேலை முடிந்ததற்குச் சங்கு ஊதியது. தூறலில் ஏழெட்டு மோட்டார்கள் சத்தமே இல்லாமல் மேட்டிலிருந்து இறங்கின. உமாதேவி ஸ்பேனரை எறிந்துவிட்டு ஓடினாள்.

முதலில் வந்தவர் அவள் புருஷன். வளைவை நெருங்கிக் கிளட்ச்சை விட்டும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.