ஆடியில் பால் காய்ச்சுவார்களா?

இன்று காலை வீட்டு ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினார். அடுத்த வாரமே காலி செய்ய வேண்டுமாம், இல்லையென்றால் டெபாசிட் கிடையாதாம்.

எண்பதுகளில், நாங்கள் இருந்த மலையூரான ரிங்லெட்டில் இதே மிரட்டலைக் கேட்டிருக்கிறேன்.

அப்பா தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் காய்கறி லோரி ஓட்டிய சமயம். கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் அப்போதைய ஏஜெண்டு வாசலை மறித்து நின்றார்.

"அடுத்த வாரம் சாவி என் கையில இருக்கணும். இல்லாட்டி டெபாசிட்ட மறந்துருங்க. சாமானெல்லாம் ரோட்டுக்கு வந்துரும்."

அப்பா கேட்டார்: "ஒரு மாசம் நோட்டீஸ்னுதானே பேசுனோம்? இது என்னா நியாயம்லா?"

"புது ஆளு வரப்போறாரு."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "யாருண்ணே அது?"

"கம்போங் ராஜா ஊருப் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் கிராணி. நம்ம ஆளுதான்."

"அடுத்த வாரம் ஆடி பொறக்குது. நம்ம ஆளு ஆடியில வந்து பால் காய்ச்சுவாரா? அவரு பொஞ்சாதிகிட்ட கேட்டுட்டு வாங்க, சாவிய தரேன்."

நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த ஏஜெண்டு அதுவரை ஆடியை யோசிக்கவே இல்லை. படியிறங்கிப் போனார். ஆவணியில்தான் காலி செய்தோம். டெபாசிட்டும் முழுதாக வந்தது.

இப்போதும் அடுத்த வாரம் ஆடி. அம்மா கொடுத்த தெம்பில், "ஆடியில யாரு குடி வருவா தம்பி?" என்று ஏஜெண்டுக்கு எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "யாரும் வரலக்கா. ஹோம்ஸ்டே ஆக்கப் போறோம். டூரிஸ்ட்டுக்கு ஏதுக்கா ஆடி?"

அம்மாவிடம் இருந்தது ஒரே கேள்வி. உங்கள் அம்மாக்களிடம் வேறு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். ஆடி பிறப்பதற்குள்.