காமாட்சி என்றொரு மாப்பிள்ளை

அறுவடை மெசின் ஓட்டும் காமாட்சி வருகிறான் என்றால், தெரியாதவர்கள் ஒரு பொம்பிளையை எதிர்பார்ப்பார்கள். வந்து இறங்குவதோ மீசைக்காரன். கிளிநொச்சியில் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அவனுடைய சனம் மட்டும் சிரித்ததில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்த சனம் அது. ஆண்பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் மகனுக்கு அம்மன் பெயரை வைத்து மூக்கும் குத்திவிடுவார்கள். பெண்பிள்ளைதானே என்று எமன் திரும்பிப் போய்விடுவானாம். எமனை ஏமாற்றிவிடலாம், சின்னராசாவை ஏமாற்ற முடியுமா?

சின்னராசா, காமாட்சி கட்டப்போகும் பெண்ணின் தகப்பன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்து நிமிர்ந்தவர். மகள் கஜேந்தினி ஒற்றைக்காலில் நின்றதால்தான் சம்மதித்தார். கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுக்கிற நேரத்தில் மறுபடி முறுக்கிக்கொண்டார்.

"கார்ட்டிலை ரெண்டு பொம்பிளைப் பேரோ தம்பி? ஊர் சிரிக்கும். காந்தன் எண்டு மாத்தும். இல்லையெண்டால் இந்தக் கலியாணம் இல்லை."

காமாட்சி பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா அமராவதியைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை. பெயரை மாற்றினால் மகன் போய்விடுவான் என்று இன்றைக்கும் நம்புகிறவள் அவள். அவனுக்கு அந்தப் பயம் கிடையாது. அவளுடைய பயத்தைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயம்.

"ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தேங்கய்யா," என்றாள் அமராவதி. "ரெண்டுக்கும் ஆம்பளப் பேருதான் வச்சோம்."

"உதெல்லாம் விசர்க்கதை," சின்னராசா குரலை உயர்த்தினார். "ஆம்பிளைக்கு ஆம்பிளைப் பேர்தான் வைக்கவேணும்."

காமாட்சி எழுந்தான். "அம்மா இருக்குமட்டும் நான் மாத்தமாட்டன் மாமா." அறைக்குள் கஜேந்தினி விம்மி அழுவது வெளியே கேட்டது.

சின்னராசாவின் மனைவி ஞானேஸ்வரி குசினி வாசலிலிருந்து முன்னால் வந்தாள்.

"நாங்களும் மூத்தவனுக்கு நல்ல ஆம்பிளைப் பேர்தானே வைச்சனாங்கள். கிருசாந்தன் எண்டு. எங்கையப்பா அவன்?"

போரின் கடைசிச் சண்டையில் உடையார்கட்டில் காணாமல் போனவன் கிருசாந்தன். அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கனகாலம்.

சின்னராசா கண்ணைத் துடைக்கவில்லை. போனை எடுத்து அச்சகத்துக்கு அடித்தார்.

"மாப்பிள்ளையின்ரை பேர் காமாட்சி. ஓம் தம்பி, ஆம்பிளைதான். அப்பிடியே அடியும்."