துரை தோட்டத்து மணல்

போன வாரம் மாமல்லபுரம் போகிற வழியில், சாலையோரம் கிர்ணிப்பழம் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தேன். வாசனைக்குக் குறை சொல்ல முடியாது. எந்த ஊர்ப் பழம் என்று கேட்டேன். ஆந்திரா லோடு என்றார் விற்கிறவர். பாலாற்றுப் பழம் வராதா என்றதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார். வீட்டுக்காரர் காருக்குள் இருந்தபடியே, "ஆரம்பிச்சுட்டியா?" என்றார். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன செய்ய.

பாலாற்று மணலில் விளைந்த கிர்ணியை எனக்கு முதன்முதலில் உடைத்துக் கொடுத்தவள் தேவகி. தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் ஒன்னில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பழம் அப்படித் தித்தித்தது. அவள்மேல் எனக்குப் பொறாமை தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், வடகரையில் இருந்தது அவர்கள் இடம். துரை தோட்டம் என்பார்கள். எந்தத் துரை என்று யாருக்கும் தெரியாது. டச்சுக்காரன் என்பார் ஒருவர், இல்லை, வெள்ளைக்காரக் கலெக்டர் என்பார் இன்னொருவர். அப்பாவை நைனா என்பாள் தேவகி; அந்த நைனாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. அவருடைய தாத்தா வாங்கிய நிலம், அவ்வளவுதான். பழைய பங்களாவில் துரை விருந்து வைத்த பெரிய ஹாலில் நைனா வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருப்பார். இரண்டு முழம் கனமான செங்கல் சுவர். பின்கதவைத் திறந்தால் மாமரங்கள், இலுப்பை, அப்புறம் கருங்கல் படிகள் நேராக ஆற்று மணலில் இறங்கும். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். அப்போது சாயங்காலம் கடல் ஏறினால் மடவை மீன் படிக்கட்டு வரை துள்ளும். இவ்வளவும் ஒருத்திக்கு! அவளோ அதை ஏறெடுத்தும் பார்க்காமல் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள்.

எங்களுக்கு அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அப்பா வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். வரிசையாக ஒரே அச்சில் வீடுகள், நம்பரைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். நான் ஒரு முருங்கைக் கொம்பு நட்டதற்கு அம்மா, "நம்ம வீடாட்டீ இது? ரிட்டயர் ஆனா சாவியக் குடுத்துட்டுப் போகணும்" என்றாள். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்து நின்றது.

பிளஸ் டூவில் தேவகியைவிட நூறு மார்க் அதிகம் வாங்கினேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு ரிசல்ட் அன்று பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் வரை நின்றேன். மகராசி வரவேயில்லை. முகத்துவாரத்தில் மடவை பிடிக்கப் போயிருந்தாளாம்.

பாலாற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர் மேலே ஓடும். மற்ற நாளெல்லாம் மணலுக்குள் ஓடும். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து மணலில் நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டினால் போதும், தண்ணீர் ஊறித் தானாகவே தோட்டத்துக்கு நடந்து வந்துவிடும். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. அதற்கு ஊத்துக்கால் என்று பெயர். அது தூர்ந்துவிடும் என்பதால் பொங்கல் கழிந்ததும் வருஷா வருஷம் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் பாய்கிற நிலத்துக்கார வீடுகளிலிருந்து ஆளுக்கொரு மண்வெட்டியோடு வருவார்கள். துரை தோட்டத்தில் அன்று கருவாட்டுக் குழம்பும் சோறும். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை ஊத்து வெட்டினவர் எப்போது வந்து தண்ணீர் கேட்டாலும், தோட்டத்துக்குள் வழி கேட்டாலும், இல்லை என்று சொல்லக்கூடாது.

நானும் ஒரு வருஷம் அடம்பிடித்துப் போனேன். பத்தே நிமிஷத்தில் உள்ளங்கையில் கொப்புளம். "இன்னாடி, சுண்ணாம்பு கலக்குற மாதிரி கிண்டிகினு கீற?" என்று தேவகி சிரித்தாள். நைனா ஒரு செம்பில் புது ஊற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்து, நீயும் இனிமேல் ஊத்துக்காரிதான் என்றார். அந்த ஒரு நாள் எனக்குப் பொறாமை இல்லை. மறுநாள் திரும்பவும் வந்துவிட்டது.

அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம். இரண்டாயிரமாவது வருஷம் தாண்டி, செங்கல்பட்டில் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினோம். மணல் எங்கிருந்து வந்தால் என்ன என்றார் மேஸ்திரி. எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. துரை தோட்டத்துப் படிக்குக் கீழே இருக்கிற மணல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவளுடைய ஆற்றில் ஒரு பங்காவது என் சுவரில் இருக்கட்டும் என்றுதான். வேறென்ன?

அந்த இடத்தில் லாரி இறங்க வேறு வழி கிடையாது. தோட்டத்து மாட்டுவண்டித் தடம்தான். நான் போய் நைனாவிடம் கேட்டேன். தேவகியும் அங்கேதான் இருந்தாள். வீட்டோடு மாப்பிள்ளை கிடைத்திருந்தார், அதிலும் யோகம். அவளுக்கு இஷ்டமில்லை என்று தரையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. தெரிந்தும் நான் நைனாவின் முகத்தையே பார்த்து நின்றேன். நைனாதான் அவளை அடக்கினார்.

"ஊத்துல மம்புட்டி புடிச்ச பொண்ணு. அத்தப் போயி வழியில்லன்னு சொல்லுவனா?"

இரண்டு லோடு வந்தது. கிரகப்பிரவேசமும் ஆனது. நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் ஆபீசுக்கு தேவகி போன் செய்தாள்.

"உனக்கு இன்னும் எத்தினி லோடுடி வோணும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வேலை எப்போதோ முடிந்துவிட்டதே என்றேன்.

"லாரிக்காரன் இன்னும் உன் பேரத்தான் சொல்லிகினு வரான். நைனாவும் வுட்டுனுகீறாரு."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு தேவகி வீட்டார் தடத்துப் படலை அடைத்தார்கள், சண்டை போட்டார்கள், மனு கொடுத்தார்கள். ஆனால் தடம் அதற்குள் சாலையாகிவிட்டிருந்தது. மறித்தால் லாரிக்காரர்கள் பக்கத்துக் கொல்லை வழியாக இறங்கினார்கள். என் பெயரும் தேவைப்படவில்லை. ஆறு ஓராள் உயரத்துக்குக் கீழே போனது, ஊத்துக்கால் காய்ந்து மேலே நின்றுவிட்டது. தோட்டத்துக்காரர்கள் ஊத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. வாயில் வைத்த நைனா துப்பிவிட்டுப் படியேறிப் போனாராம். அடுத்த பொங்கலுக்கு மண்வெட்டியோடு யாரும் வரவில்லை. மாமரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நைனா போன பிறகு மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பங்களா இல்லை, இலுப்பை இல்லை, நாரை இல்லை. படிகள் மட்டும் இருக்கின்றன. கடைசிப் படிக்குக் கீழே பெரிய பள்ளம்.

தேவகி இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். போன வருஷம் என் பெண்ணுடைய நிச்சயதார்த்தத்துக்கு வந்தாள். மாடி, மாடியில் தொட்டிச் செடிகள், மோட்டார் ரூம் என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நல்லா கட்டிகீற, குளுகுளுன்னு கீது என்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன். இல்லை. நிஜமான சந்தோஷம்தான் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.